வேகத்திற்குத் திசை தந்த விஞ்ஞானி: சதீஷ் தவானின் வாழ்க்கைப் பயணம்

கங்காதர நெல்லூர்:

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டம் கங்காதர நெல்லூரில் வயல் வரப்பில் அசையாமல் நிற்கும் ஒருவர், உண்மையில் நொடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிப் பயணம் செய்துகொண்டிருக்கிறார். பூமி தன்னைத் தானே சுற்றிக்கொள்வதால் அவருக்குக் கிடைக்கும் வேகம் இது. காற்றில் ஒலி செல்லும் வேகம் நொடிக்கு சுமார் 340 மீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அளவு விளங்கும்.

அவ்வூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், வடகிழக்கே வங்கக் கடலோரத்தில் அமைந்துள்ள ஸ்ரீஹரிகோட்டா தீவுக்கும் ஏறத்தாழ இதே வேகம் உண்டு. அங்கிருந்து கிழக்கு நோக்கிப் புறப்படும் ராக்கெட்டுக்குப் பூமியே முதல் உந்துதலைக் கொடுத்துவிடுகிறது. இந்தியாவின் ராக்கெட் தளம் கிழக்குக் கடற்கரையில் அமைந்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணமாகும்.

2022-ஆம் ஆண்டு வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, தற்போது திருப்பதி மாவட்டத்தில் இடம்பெற்றுள்ள அந்தத் தளத்தின் பெயர் சதீஷ் தவான் விண்வெளி மையம். ஒவ்வொரு ராக்கெட் ஏவுதலின்போதும் செய்திகளில் தவறாமல் ஒலிக்கும் இப்பெயருக்கு உரியவர், வேகம் என்ற ஒன்றையே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் என்பது பலரும் அறியாத செய்தி.

வேகமும் திசைவேகமும்

பள்ளி இயற்பியல் பாடத்தில் வேகம், திசைவேகம் என இரண்டு சொற்கள் வருகின்றன. ஒரு பொருள் எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பதை மட்டும் கூறுவது வேகம். எந்தத் திசையில் செல்கிறது என்பதையும் சேர்த்துக் கூறுவது திசைவேகம். தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்படும் இந்த வேறுபாடு, விளையாட்டு மைதானத்திலும் விண்வெளியிலும் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது.

2009-ஆம் ஆண்டு பெர்லினில் ஜமைக்கா வீரர் உசைன் போல்ட் 100 மீட்டர் தூரத்தை 9.58 நொடிகளில் கடந்து உலக சாதனை படைத்தார். நொடிக்குச் சராசரியாகப் பத்து மீட்டருக்கும் சற்று அதிகமான வேகம் அது. இத்தகைய ஓட்டங்களில் வீரரின் பின்னாலிருந்து வீசும் காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால், அந்த நேரம் சாதனையாக ஏற்கப்படுவதில்லை. காற்றின் வேகத்தோடு அதன் திசையும் அளக்கப்படுகிறது. ஓட்டப்பந்தயத்தில் விதியால் தடுக்கப்படும் அந்தப் பின்காற்றைப் போன்ற உதவியைத்தான், ஸ்ரீஹரிகோட்டாவில் பூமியின் சுழற்சி ராக்கெட்டுகளுக்கு அளிக்கிறது.

வேகத்திற்கும் திசைக்கும் இடையேயான இந்த உறவு, தவானின் ஆய்வுகளிலும் பின்னர் அவர் வகித்த பொறுப்புகளிலும் தொடர்ந்து காணப்படுகிறது.

லாகூரில் தொடங்கிய கல்வி

சதீஷ் தவான் 1920-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி ஸ்ரீநகரில் பிறந்தார். லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர் கணிதம் மற்றும் இயற்பியலில் இளங்கலைப் பட்டமும், ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டமும், 1945-இல் இயந்திரப் பொறியியல் பட்டமும் பெற்றார். அறிவியல், இலக்கியம், பொறியியல் என மூன்று துறைகளிலும் பயின்றவர்கள் அக்காலத்தில் அரிதாகவே இருந்தனர்.

பின்னர் அமெரிக்கா சென்ற அவர், 1947-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் இந்தியா விடுதலை அடைந்தது. அவர் படித்த லாகூர் நகரம் பாகிஸ்தானுக்குள் சென்றது. அதே ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி, அமெரிக்க விமானி சக் யேகர் சமதளப் பறத்தலில் ஒலியின் வேகத்தைக் கடந்து சென்றார். விமானவியல் முழுவதும் மீயொலி வேகத்தை நோக்கித் திரும்பிய காலகட்டம் அது.

அந்தச் சூழலில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்த தவான், அறிஞர் ஹான்ஸ் லீப்மனின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்து 1951-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

காற்றின் உராய்வை அளந்தவர்

விமானத்தின் இறக்கையை ஒட்டிச் செல்லும் காற்று, எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. இறக்கையின் மேற்பரப்பைத் தொடும் காற்று, இறக்கையோடு ஒட்டிக்கொண்டு அதைச் சார்ந்து அசைவற்று நிற்கிறது. அங்கிருந்து விலகிச் செல்லச் செல்லக் காற்றின் வேகம் சிறிது சிறிதாக உயர்ந்து, மிகக் குறுகிய இடைவெளியில் முழு வேகத்தை எட்டுகிறது. இந்த மெல்லிய அடுக்கை அறிவியலாளர்கள் எல்லைப் படலம் என்று அழைக்கின்றனர். ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டில் 1904-இல் இக்கருத்தை முன்வைத்தார்.

விமானம் எவ்வளவு எரிபொருளைச் செலவிடும், இறக்கை எந்தக் கட்டத்தில் தூக்கு விசையை இழக்கும் என்பன போன்ற கேள்விகளுக்கு விடை காண்பதில் இந்தப் படலத்திற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் காற்று ஒரு பரப்பின் மீது ஏற்படுத்தும் உராய்வு விசை மிகவும் சிறியது. அதனை நேரடியாக அளப்பது கடினம் என்பதால், பல நேரங்களில் மறைமுகக் கணக்கீடுகளையே நம்ப வேண்டியிருந்தது.

தவான் இதற்கு எளிமையான ஒரு வழியைப் பின்பற்றினார். தட்டையான பரப்பின் ஒரு சிறு துண்டை மட்டும் தனியே பிரித்து, சுற்றியுள்ள பரப்போடு சமமாக இருக்குமாறும், அதே நேரத்தில் தடையின்றி நகருமாறும் அமைத்தார். காற்று அதன் மேல் பாயும்போது அத்துண்டு எவ்வளவு நகர்கிறது என்பதை நுண்கருவியால் அளந்தார். ஒலியைவிடக் குறைந்த வேகத்திலும், ஒலியை மிஞ்சிய வேகத்திலும் உராய்வு விசை இவ்வாறு நேரடியாக அளக்கப்பட்டது. இந்த ஆய்வு, இன்றைய நாசாவின் முன்னோடி அமைப்பான விமானவியல் தேசிய ஆலோசனைக் குழுவின் அறிக்கையாகவும் வெளியானது.

பெங்களூரில் புதிய முயற்சிகள்

1951-இல் தாயகம் திரும்பிய தவான், பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் பணியில் சேர்ந்தார். 1955-இல் வானூர்திப் பொறியியல் துறையின் தலைவரானார். நாட்டின் முதல் மீயொலி காற்றுச் சுரங்கத்தை அங்கு அமைத்த பெருமை அவரைச் சாரும். காற்றுச் சுரங்கத்தில் விமானம் பறப்பதில்லை. அசையாமல் நிற்கும் மாதிரி ஒன்றின் மீது காற்று வேகமாகச் செலுத்தப்படுகிறது. விளைவு இரண்டிலும் ஒன்றே என்பதால், உண்மையான விமானம் பறக்கும் முன்பே அதன் குறைகளைக் கண்டறிய முடிகிறது. பின்னாளில் தேசிய விண்வெளி ஆய்வகத்தில் அமைக்கப்பட்ட பெரிய காற்றுச் சுரங்கத்தின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு.

பெங்களூரில் அவரிடம் பயின்ற மாணவர்களில் ஒருவர், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ரொத்தம் நரசிம்மா. எல்லைப் படலத்தில் காற்று முதலில் அடுக்கடுக்காகச் சீராகச் செல்லும். பின்னர் ஒரு கட்டத்தில் நிலைகுலைந்து சுழற்சி ஓட்டமாக மாறும். இந்த மாற்றம் நிகழும் பகுதியின் பண்புகளைக் குறித்து ஆசிரியரும் மாணவரும் இணைந்து 1958-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இன்றளவும் அத்துறையில் எடுத்தாளப்படுகிறது.

கிரிக்கெட் மைதானத்தில் இதே நிகழ்வை அன்றாடம் காணலாம். பந்தின் தையலைச் சற்றே சாய்த்து வீசும்போது, தையல் உள்ள பக்கத்தில் எல்லைப் படலம் சுழற்சி ஓட்டமாக மாறுகிறது. சுழலும் காற்று பந்தின் பரப்பை நீண்ட தூரம் பற்றிச் செல்கிறது. பளபளப்பான மறுபக்கத்தில் காற்று முன்னதாகவே விலகிவிடுகிறது. இரு பக்கங்களுக்கும் இடையே உருவாகும் இந்த வேறுபாடு பந்தைத் தையல் நோக்கும் பக்கம் வளைக்கிறது. வேகம் ஓர் அளவைத் தாண்டினால் இரு பக்கங்களிலும் சுழற்சி ஓட்டம் தோன்றி, வளைவு குறையும். சில வேளைகளில் எதிர்ப்பக்கமாகவும் மாறும். மிக வேகமாக வீசுபவரைவிட மிதமான வேகத்தில் வீசுபவரின் புதிய பந்து பல நேரங்களில் அதிகமாக வளைவதற்குக் காரணம் இதுதான்.

1962-இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற தவான், 1981 வரை அப்பதவியில் நீடித்தார். அக்கழகத்தின் வரலாற்றில் மிக நீண்ட காலம் இயக்குநராக இருந்தவர் அவரே. கிராமப்புறங்களுக்கு ஏற்ற தொழில்நுட்பங்களை உருவாக்கும் அஸ்த்ரா அமைப்பு 1974-இல் அவரது பதவிக் காலத்தில்தான் தொடங்கப்பட்டது.

விண்வெளித் துறைக்கு வந்த அழைப்பு

1971-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி, இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தையாகப் போற்றப்படும் விக்ரம் சாராபாய் திடீரென மறைந்தார். அப்போது தவான் ஆய்வு விடுப்பில் கலிபோர்னியாவில் இருந்தார். விண்வெளித் திட்டத்திற்குத் தலைமை ஏற்குமாறு அன்றைய பிரதமர் இந்திரா காந்தியிடமிருந்து அவருக்கு அழைப்பு வந்தது.

தவான் உடனடியாகப் புறப்பட்டு வந்துவிடவில்லை. அங்கு ஏற்றுக்கொண்ட பணியை முடித்த பிறகே வர இயலும் என்று தெரிவித்தார். இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகத் தொடர வேண்டும், விண்வெளித் திட்டத்தின் தலைமையகம் பெங்களூரில் அமைய வேண்டும் என்ற நிபந்தனைகளையும் முன்வைத்தார். அவை ஏற்கப்பட்டன. இடைப்பட்ட மாதங்களில் எம்.ஜி.கே. மேனன் பொறுப்பை வகித்தார். 1972-இல் விண்வெளி ஆணையமும் விண்வெளித் துறையும் உருவாக்கப்பட்ட அதே ஆண்டில் தவான் பொறுப்பேற்றார்.

1975-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் தேதி, இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆர்யபட்டா விண்ணில் செலுத்தப்பட்டது. செயற்கைக்கோள் இந்தியாவினுடையது, அதைச் சுமந்து சென்ற ராக்கெட் சோவியத் ஒன்றியத்தினுடையது. அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் ஓராண்டு காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியுடன் ஆந்திரம், கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி, வேளாண்மை, சுகாதாரம் சார்ந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. விண்வெளித் திட்டம் மக்களின் அன்றாடத் தேவையை நோக்கிச் செல்ல வேண்டும் என்ற சாராபாயின் பாதையைத் தவான் மாற்றவில்லை. இந்தியாவுக்கு அப்போது இல்லாதிருந்தது, செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தும் அளவுக்கு வேகம் தரக்கூடிய சொந்த ராக்கெட் மட்டுமே.

நொடிக்கு எட்டு கிலோமீட்டர்

செயற்கைக்கோளை உயரத்திற்குக் கொண்டு செல்வது மட்டும் போதாது. மேலே சென்ற கல் கீழே விழுவதைப் போல அதுவும் விழுந்துவிடும். பூமிக்கு இணையாக நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் அது செல்ல வேண்டும். அப்போது அது விழுந்துகொண்டே இருந்தாலும், பூமியின் வளைவும் அதே அளவில் விலகிச் செல்வதால் தரையைத் தொடுவதில்லை. மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் என்ற அந்த வேகம் சரியான திசையில் அமையாவிட்டால் பயனில்லை.

இந்த வேகத்தை எட்டுவதற்காக எஸ்.எல்.வி-3 என்ற நான்கு அடுக்கு ராக்கெட் வடிவமைக்கப்பட்டது. சுமார் 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்ட அத்திட்டத்தின் இயக்குநராக ராமேசுவரத்தில் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் பணியாற்றினார்.

1979-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 முதன்முறையாக ஏவப்பட்டது. முதல் அடுக்கு திட்டமிட்டபடி செயல்பட்டது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் பயன்படும் அமிலம் கசிந்திருந்ததால், ராக்கெட்டின் திசையைத் திருத்த இயலாமல் போனது. உந்துவிசை இருந்தும் வழி தவறிய ராக்கெட், 317 நொடிகளில் வங்கக் கடலில் விழுந்தது. பல ஆண்டுகளின் உழைப்பு சில நிமிடங்களில் முடிவுக்கு வந்தது.

அன்று செய்தியாளர்களைச் சந்திக்க வேண்டிய நேரம் வந்தபோது, சோர்ந்திருந்த கலாமைத் தவான் முன்னிறுத்தவில்லை. அவரே செய்தியாளர்களைச் சந்தித்துத் தோல்விக்கான பொறுப்பை ஏற்றுக்கொண்டார். தமது குழுவினர் மீது நம்பிக்கை தெரிவித்த அவர், ஓராண்டுக்குள் வெற்றி கிட்டும் என்றும் அறிவித்தார். மக்களின் வரிப்பணம் கடலில் விழுந்துவிட்டது என்ற விமர்சனத்தை எதிர்கொள்ள வேண்டிய வேளையில், அதனைத் திட்டத்தின் இளம் பொறியாளர்கள் மீது விழாமல் தாமே தாங்கிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு, 1980 ஜூலை 18-ஆம் தேதி, எஸ்.எல்.வி-3 மீண்டும் ஏவப்பட்டது. இம்முறை 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. சொந்த ராக்கெட்டில் செயற்கைக்கோளைச் செலுத்திய மிகச் சில நாடுகளின் வரிசையில் இந்தியா இடம்பிடித்தது. அன்றைய செய்தியாளர் சந்திப்புக்குத் தவான் கலாமையே அனுப்பிவைத்தார். தோல்வியைத் தலைவர் ஏற்க வேண்டும், வெற்றியைக் குழுவினருக்குக் கொடுக்க வேண்டும் என்ற பாடத்தைத் தாம் கற்றது அந்த இரு நாட்களில்தான் என்று, கலாம் பின்னாளில் பல மேடைகளில் நினைவுகூர்ந்தார்.

பழவேற்காடு ஏரியின் பறவைகள்

ஸ்ரீஹரிகோட்டா தீவின் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் பழவேற்காடு ஏரியும் உள்ளன. தமிழ்நாட்டிற்கும் ஆந்திரத்திற்கும் பொதுவான இந்த ஏரிக்கு ஆண்டுதோறும் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வருகின்றன. சூலூர்பேட்டை அருகே உள்ள நேலப்பட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடுகட்டுகின்றன.

ராக்கெட்டுகளின் வேகத்தைக் கணக்கிட்ட தவான், அந்தப் பறவைகளையும் ஆர்வத்துடன் கவனித்தார். பறவைகள் எவ்வாறு மேலெழுகின்றன, எவ்வாறு இறக்கைகளை விரித்து வேகத்தைக் குறைத்துத் தரையிறங்குகின்றன என்பனவற்றைக் காற்றியக்கவியல் நோக்கில் ஆராய்ந்தார். பறவைகள் பறத்தலைக் குறித்த அவரது நூல் 1991-இல் வெளியானது. மீயொலி வேகத்தில் தொடங்கிய ஆய்வாளர், முதிய வயதில் பறவையின் மெதுவான இறக்கத்தையும் அதே ஈடுபாட்டுடன் ஆராய்ந்தார்.

நிலைத்த பாதை

தவான் 1984 வரை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராக இருந்தார். தகவல் தொடர்பு, வானிலை ஆகிய இரண்டுக்கும் பயன்பட்ட இன்சாட்-1பி செயற்கைக்கோள் 1983-இல் அவரது காலத்தில் விண்ணுக்குச் சென்றது. 1971-இல் பத்ம பூஷண் விருதும், 1981-இல் பத்ம விபூஷண் விருதும் அவருக்கு வழங்கப்பட்டன.

எஸ்.எல்.வி-3 கற்றுத் தந்த பாடங்களின் வழியே பி.எஸ்.எல்.வி. உள்ளிட்ட பெரிய ராக்கெட்டுகள் உருவாயின. துருவச் சுற்றுப்பாதைக்குச் செல்லும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகள் தெற்கு நோக்கிச் செல்ல வேண்டியுள்ளதால், பூமிச் சுழற்சியின் உதவி அவற்றுக்குக் கிடைப்பதில்லை. இலங்கையின் மீது செல்வதைத் தவிர்ப்பதற்காக அவை முதலில் தென்கிழக்காகச் சென்று பின்னர் தெற்கே திரும்புகின்றன. இந்தத் திருப்பத்திற்காகச் செலவாகும் எரிபொருளின் அளவுக்குச் சுமக்கும் எடை குறைகிறது. வேகத்தைப் போலவே திசைக்கும் விலை உண்டு என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

சதீஷ் தவான் 2002-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி பெங்களூரில் காலமானார். அதே ஆண்டு ஜூலை மாதம் அப்துல் கலாம் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். அடுத்த சில வாரங்களில், செப்டம்பர் 5-ஆம் தேதி, ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திற்குத் தவானின் பெயர் சூட்டப்பட்டது. நாடு ஆசிரியர் தினத்தைக் கொண்டாடும் நாள் அது.

நிலவின் தென் துருவப் பகுதிக்கு அருகே தரையிறங்கிய சந்திரயான்-3 விண்கலம், 2023 ஜூலை 14-ஆம் தேதி அங்கிருந்துதான் புறப்பட்டது. 1979-இல் எஸ்.எல்.வி-3 விழுந்த அதே வங்கக் கடலின் மேலாக, கிழக்கு நோக்கியே அதுவும் சென்றது என்பது குறிப்பிடத்தக்கது.